சுவான்ஸ்கோம் சரளைக் குழி

லண்டன் மாநகருக்குக் கிழக்கே, தேம்ஸ் நதியின் தென்புறத்தில், கெண்ட் ஜில்லாவைச் சேர்ந்த சுவான்ஸ்கோமில், சிமெண்டுத் தொழில் செழித்த காலத்தில் சரளை அள்ளியதனால் உண்டான பார்ன்ஃபீல்டு குழி, பார்வைக்குப் புல்லும் புதரும் மண்டிய பள்ளமேயாயினும், மனித குலத்தின் பூர்வ சரித்திரத்தை ஆராய்வோருக்கு ஒரு க்ஷேத்திரமாகும்.

ஏறத்தாழ 4 லட்சம் ஆண்டுகளுக்கு முன், இரண்டு பனியுகங்களுக்கு இடைப்பட்ட வெப்பகாலத்தில், இன்றைய மட்டத்திற்கு வெகு உயரத்தில் ஓடிய தேம்ஸ், இங்கே சரளையும் வண்டலும் அடுக்கடுக்காகப் படியவிட்டது. அடிச்சரளையில் சிக்கிமுக்கிக் கல்லிலிருந்து தட்டியெடுத்த முரட்டுச் செதிள்களும், நடுச்சரளையில் இருமுகமும் செதுக்கிக் கூராக்கிய கைக்கோடரிகளும் கிடைத்தன. 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபுட் நம் பல்லாவரத்துச் சரளைக் குழியொன்றில் இந்தியாவின் பழைய கற்காலத்தை முதன்முதல் அடையாளம் கண்டதை அறிந்தவர்களுக்கு, சரளையிடம் இத்தகைய செல்வம் இருப்பது வியப்பாகத் தோன்றாது.

ஆல்வன் மார்ஸ்டன் என்ற பல் வைத்தியர், ஓய்வு நேரங்களில் கற்கருவி தேடி இக்குழிக்கு வந்துகொண்டிருந்தவர், 1935 ஜூனில் நடுச்சரளையில் ஒரு மண்டையோட்டின் பிடரியெலும்பையும், மறு மார்ச்சில் இடப்பக்கவெலும்பையும் கண்டெடுத்தார். 1955இல் ஜான் வைமர் குழுவினர் அகழ்ந்தபோது வெளிப்பட்ட வலப்பக்கவெலும்பு, இருபது ஆண்டுகள் கழிந்து கிடைத்தும், முந்தைய இரண்டுடனும் விளிம்போடு விளிம்பு பொருந்திற்று. இன்னும் ஒட்டி மூடாத அப்பொருத்துவாய்கள் இளமையையும், பிடரியில் காணும் சிறு குழிவு நியாண்டர்தால் இனத்தின் தொடக்கநிலையையும் உணர்த்துகின்றன. ஒரு பெண்ணினுடையது என்பதே பெரும்பாலோர் கருத்து.

எனினும், எலும்பைக் காட்டிலும் அது கிடந்த இடமே பெரிய சாட்சியம் என்பேன். 1888இல் அருகிலுள்ள காலி ஹில்லில் இதே சரளையிலிருந்து எடுத்த எலும்புக்கூடு, இக்கால மனிதனை ஒத்திருந்தும், புராதனமானதென்று நெடுங்காலம் நம்பப்பட்டது. மண்ணில் கிடக்கும் எலும்பு நிலத்தடி நீரிலுள்ள ஃபுளோரினைச் சிறிது சிறிதாக உட்கொள்ளுமாதலின், ஒரே படிவிலுள்ள எலும்புகளை அவ்வளவைக்கொண்டு ஒப்பிட்டு வயதறியலாம். கென்னத் ஓக்லி அவ்வாறு சோதித்தபோது, சுவான்ஸ்கோம் மண்டையோடு உடன்கிடந்த விலங்கெலும்புகளோடு ஒத்திருக்க, காலி ஹில் மனிதனோ பிற்காலத்தில் குழிவெட்டிப் புதைக்கப்பட்டவன் என்பது புலனாயிற்று. அடுக்குகள் கலைந்துபோயிருந்தால் இந்த ஒப்பீட்டுக்கே வழியில்லை.

ஆகவேதான், பெரும்பகுதி அள்ளப்பட்டுவிட்ட அக்குழியில் எஞ்சிய படிவுகளைத் தேசிய இயற்கைக் காப்பகமாக்கி, பின்வரும் ஆராய்ச்சியாளருக்கென்று ஒரு பாகத்தைத் தோண்டாமலே விட்டுவைத்திருக்கிறார்கள். மண்டையோட்டின் நெற்றியும் முகமும் இன்றளவும் அகப்படவில்லை. அவற்றைத் தேடும் ஆசையாலாயினும் அனுமதியின்றி அங்கே மண்வெட்டி வைத்தலாகாது.