கோழிக் கொட்டகையில் கம்பியில்லாச் சுவிட்சு

சேலத்திலிருந்து நாமக்கல்லுக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் பொழுது புலருமுன் பயணம் செய்வோர் ஒரு காட்சியைக் காணலாம். ஊர்கள் இருளில் துயின்றுகொண்டிருக்க, புதுச்சத்திரத்தின் அருகிலும் அதற்கு அப்பாலும் காடு கழனிகளுக்கு இடையே நீண்ட ஒளிவரிசைகள் தோன்றும். அவை தொழிற்சாலைகள் அல்ல. திருவிழாப் பந்தல்களும் அல்ல. முட்டைக்கோழிகள் வாழும் கொட்டகைகள் அவை. கிழக்கே கொல்லிமலையும், மேற்கிலும் தெற்கிலும் காவிரியும் அரணாக அமைந்த இச்சமவெளியிலிருந்து நாள்தோறும் கோடிக்கணக்கான முட்டைகள் லாரிகளில் ஏறிச் செல்கின்றன. நம் பள்ளிகளில் சத்துணவோடு வழங்கப்படும் முட்டையும் பெரும்பாலும் இங்கிருந்து வருவதே.

அவ்வேளையில் அவ்விளக்குகளை ஏற்றியவர் யார்? எவரும் இலர். அவை தாமாகவே எரிந்தன. வேண்டிய ஒளி வானில் பரவியதும் தாமாகவே அணையும். விளக்குகள் மட்டுமன்று, விசிறிகள் சுழல்வதும், நீர்த்துளிகள் பனிபோலத் தெளிக்கப்படுவதும், குஞ்சுகளுக்கு வெப்பம் ஊட்டப்படுவதும் பல பண்ணைகளில் இன்று இவ்வாறே நிகழ்கின்றன. மனிதக் கை சுவரிலுள்ள சுவிட்சைத் தொடாமலேயே இவை நிகழும் முறையையும், அம்முறையில் மறைந்திருக்கும் இடரையும் இங்குக் காண்போம்.

கோழிக்கு விளக்கு எதற்கு என்று சிலர் வினவலாம். பறவைகள் பொழுதின் நீளத்தைக் கொண்டே பருவத்தை அறிகின்றன. ஒளியானது கண் வழியாக மட்டுமன்றி, மண்டையோட்டை ஊடுருவியும் கோழியின் மூளையைச் சென்றடைகிறது. நாள் நீள்வதை உணர்ந்த மூளை, முட்டை உருவாதற்குரிய சுரப்புகளைத் தூண்டுகிறது. முட்டையிடும் கோழிக்கு நாளொன்றுக்குச் சுமார் 16 மணி நேர ஒளி தேவை என்பர். நாமக்கல்லோ நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 11 பாகையில் உள்ளது. இங்கு ஆண்டின் மிக நீண்ட பகலே ஏறத்தாழ 12 மணி 45 நிமிடம்தான். மார்கழியில் அது பதினொன்றரை மணியாகக் குறுகும். குறைந்த ஒளியை விளக்கால் நிரப்ப வேண்டும். அதிலும் ஒரு விதி உண்டு. வளரும் கோழிக்கு ஒளி நேரத்தை இடையே கூட்டலாகாது. முட்டையிடும் கோழிக்குக் குறைக்கலாகாது. ஒரு நாள் மூன்று மணியும், மறுநாள் ஐந்து மணியும் என விளக்கு தடுமாறினால் கோழியின் உடலும் தடுமாறும், முட்டை குறையும்.

முன்னாளில் பண்ணையாள் ஒருவர் விழித்தெழுந்து சுவிட்சைப் போட்டு வந்தார். பின்னர்க் கடிகாரம் பொருத்திய சுவிட்சு வந்தது. எனினும் அவற்றுள் பழைய வகை, மின்சாரத்தாலேயே சுழல்வது. மின்சாரம் மூன்று மணி நேரம் நின்றால் அக்கடிகாரமும் மூன்று மணி பின்தங்கிவிடும். 2012ஆம் ஆண்டை ஒட்டித் தமிழ்நாட்டில் மின்வெட்டு நாளின் பல மணி நேரத்தை விழுங்கிய காலத்தில், இத்தகைய கடிகாரத்தை நம்பிய கொட்டகையில் இரவு எது, பகல் எது என்பதே குழப்பமாகியிருக்கும். மின்கலம் பொருத்திய கடிகாரங்கள் இக்குறையைப் போக்கின.

விளக்கைக் கடிகாரத்திடம் விட்டுவிடலாம். வெப்பத்தை அவ்வாறு விட இயலாது. வெயில் கடிகாரம் பார்த்து வருவதன்று. சித்திரை, வைகாசித் திங்கள்களில் இச்சமவெளியின் வெப்பம் 38, 40 டிகிரி செல்சியசு வரை ஏறும். கோழியின் உடல் வெப்பமோ 41 டிகிரியை ஒட்டியது. அதற்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லை. கடும் வெயிலில் வாயைத் திறந்து விரைந்து மூச்சு வாங்குவதே அது வெப்பத்தை வெளியேற்றும் முதன்மையான வழி. அவ்வாறு மூச்சு வாங்குகையில் குருதியிலுள்ள கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறிவிடுகிறது. முட்டை ஓடு சுண்ணாம்பும் கரியமில வாயுவும் கூடி உருவாவது. ஆதலின் கோடையில் ஓடு மெலிகிறது. கூண்டிலிருந்து உருண்டு வரும்போதே முட்டை விரிசலுறுகிறது. வெப்பம் மேலும் மிகுந்தால் கோழியே மடியும்.

இன்னுமொரு கணக்கையும் நோக்குக. ஒரு முட்டைக்கோழி சுமார் 10 வாட் வெப்பத்தை எந்நேரமும் வெளியிட்டுக்கொண்டேயிருக்கிறது. 10,000 கோழிகள் வாழும் கொட்டகை, ஆயிரம் வாட் ஆற்றலுடைய நூறு இஸ்திரிப் பெட்டிகளை இடைவிடாமல் எரியவிட்ட கூடத்துக்கு ஒப்பாகும். நாற்புறமும் காற்று வீசும் திறந்த கொட்டகையில் இது பெரிதாகத் தோன்றாது. ஆனால் அண்மைக் காலத்தில் பெருகிவரும் மூடிய கொட்டகைகளின் நிலை வேறு. அவற்றில் ஒரு முனையில் பெரிய விசிறிகள் காற்றை வெளியே உறிஞ்சும். மறுமுனையில் நீர் வழியும் ஈரத்திரைகளின் வழியே புதிய காற்று உட்புகும். ஒரு லிட்டர் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 2,400 கிலோ ஜூல் வெப்பம் வேண்டும். அவ்வெப்பத்தை நீர் காற்றிலிருந்தே கவர்ந்துகொள்வதால் காற்று குளிர்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இவ்வாறே. கோடையின் வறண்ட காற்றில் இம்முறை நன்கு பயன்படும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்துக் காற்றோ முன்பே ஈரம் தாங்கி நிற்பது. அப்போது திரையை நனைத்தால் புழுக்கமே மிஞ்சும்.

ஆகவே எத்தனை விசிறிகள், எப்போது, நீரோடு கூடியா, நீரின்றியா என்பதை நொடிதோறும் அறிந்து முடிவு செய்ய வேண்டும். இது மனிதர் இருபத்து நான்கு மணி நேரமும் அயராது செய்யத்தக்க வேலையன்று.

வெப்பத்தைத் தானே உணர்ந்து தானே இயங்கும் கருவி புதியதன்று. அதன் முன்னோடி ஒன்று கோழி முட்டைக்காகவே பிறந்தது என்பது வியப்புக்குரியது. ஆலந்து நாட்டில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த கார்னீலியசு டிரெபெல் என்பவர் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முட்டைகளை அடைகாக்கும் அடுப்பொன்றை அமைத்தார். அதனுள் இருந்த சாராயம் வெப்பத்தால் விரிந்து பாதரசத்தைத் தள்ளும், உயர்ந்த பாதரசம் அடுப்பின் காற்று வழியைக் குறுக்கும், தீ தணியும். குளிர்ந்ததும் வழி மீண்டும் திறக்கும். உணர்வது ஒன்று, செயல்படுவது ஒன்று, இரண்டையும் இணைப்பது ஒன்று என்னும் இம்மூன்றும் அன்றே அமைந்துவிட்டன. இன்றைய கொட்டகையில் மாறியிருப்பது அந்த இணைப்பே. பாதரசத் தண்டு இருந்த இடத்தில் இப்போது வானொலி அலை இருக்கிறது.

கம்பியாலேயே இணைக்கலாகாதோ எனில், இணைக்கலாம்; பலர் இணைத்தும் உள்ளனர். ஆயினும் நூற்றுக்கணக்கான அடி நீளமுள்ள கொட்டகையில் பல இடங்களில் வெப்பத்தை அளக்க வேண்டும். எலிகள் கம்பியைக் கொறிக்கும். எச்சத்திலிருந்து எழும் அம்மோனியா வாயு செம்பை அரிக்கும். பண்ணையில் கொட்டகைகள் நான்கைந்து இருப்பின், கம்பியிழுக்கும் செலவே மலைக்க வைக்கும்.

கம்பியின்றிக் கட்டளை அனுப்பலாம் என்பதை உலகுக்குக் காட்டியோருள் நம் நாட்டவரும் ஒருவர். 1895ஆம் ஆண்டில் கல்கத்தாவில் சகதீச சந்திர போசு கண்ணுக்குப் புலப்படாத மின்னலைகளைச் சுவருக்கு அப்பால் செலுத்தி, அங்கிருந்த மணியை ஒலிக்கச் செய்தார். வெடிமருந்தைத் தீப்பற்றவும் செய்தார். கம்பியில்லாச் சுவிட்சு என்பது அதுவன்றி வேறென்ன? நம் சமவெளி உழவர்கள் அதனை முதலில் அறிந்தது கிணற்றடியில். வீட்டிலிருந்தபடியே கைப்பேசியில் அழைத்தால் தோட்டத்துக் கிணற்று மோட்டார் ஓடத் தொடங்கும் ‘மொபைல் ஸ்டார்ட்டர்’ என்னும் கருவி, கொங்கு நாட்டில் இன்று எளிதிற் காணத்தக்கது. நள்ளிரவில் வரும் மும்முனை மின்சாரத்துக்காகப் பாம்புக்கு அஞ்சி வரப்பில் நடந்தவர்க்கே அதன் அருமை தெரியும்.

கொட்டகையில் வைக்கும் சுவிட்சின் உள்ளே மூன்று உறுப்புகள் உள்ளன: அலையை வாங்கும் சிறு வானொலி, வந்த செய்தியைப் படிக்கும் சிறு கணிப்பொறி, ரிலே என்னும் மின்காந்தச் சுவிட்சு. கணிப்பொறி தரும் மெல்லிய மின்னோட்டம் ரிலேயின் சுருளைக் காந்தமாக்கும். காந்தம் இரும்புத் தகட்டை இழுக்கும். தகடு பெரிய மின்னோட்டத்துக்கு வழி திறக்கும். 27 டிகிரியில் விசிறி ஓடவும், 25 டிகிரியில் நிற்கவும் முன்னரே பணித்திருப்பர். ஓடுவதும் நிற்பதும் ஒரே அளவில் அமைந்தால், அவ்வளவை ஒட்டி வெப்பம் ஊசலாடும்போது விசிறி நிமிடத்துக்குப் பன்முறை ஓடி நின்று கெட்டுப்போகும்.

கருவிகளை வாங்குவது எளிது. இடமறிந்து வைப்பதே அரிது. வெப்பத்தை அளக்கும் உணரியைக் கோழியின் தலை உயரத்தில் தொங்கவிட வேண்டும். தகரக் கூரையின் கீழ் வைத்தால் அது கூரையின் வெப்பத்தைச் சொல்லும். ஈரத்திரையின் அருகே வைத்தால் பொய்யான குளிர்ச்சியைச் சொல்லும். இச்சுவிட்சுகள் பெரும்பாலும் பயன்படுத்தும் அலையின் நீளம் பன்னிரண்டரை சென்டிமீட்டர் அளவே. வரிசை வரிசையாக நிற்கும் இரும்புக் கூண்டுகளும் தகரச் சுவர்களும் அவ்வலையைக் கண்ணாடிபோலத் திருப்பிவிடும். வெறுங் கொட்டகையில் நன்றாகக் கேட்ட சுவிட்சு, கூண்டுகள் நிறைந்தபின் செவிடாகிவிடுவது இதனாலேயே.

இதனினும் கொடியது பொய்யுரைக்கும் சுவிட்சு. ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது 6 அல்லது 7 ஆம்பியர் மின்னோட்டமே எடுத்தாலும், புறப்படும் கணத்தில் அதன் ஐந்தாறு மடங்கை இழுக்கும். 16 ஆம்பியர் என்று பொறித்த சிறு சுவிட்சை அதனோடு நேரே இணைத்தால், தீப்பொறி பறந்து ரிலேயின் முனைகள் நாளடைவில் உருகி ஒட்டிக்கொள்ளும். பின்னர்க் கைப்பேசித் திரை ‘நின்றது’ என்று காட்டும், மோட்டாரோ ஓடிக்கொண்டேயிருக்கும். அவ்வளவு மின்னோட்டம் விளக்குக்கும் அடுப்புக்குமே உரியது என்பது விற்பனைச் சீட்டில் சிற்றெழுத்தில் இருக்கும், படிப்போர் சிலரே. ஆதலால் அறிந்தோர், காண்டாக்டர் என்னும் வலிய சுவிட்சையே மோட்டாரோடு இணைத்து, சிறு சுவிட்சைக் கொண்டு அதனை ஏவுவர். அதனோடு நில்லாமல், கம்பியில் மின்னோட்டம் பாய்கிறதா என்பதைத் தனி உணரி கொண்டு அளந்து, சொன்னது நடந்ததா என்று சரிபார்க்கவும் செய்வர்.

இனி, இம்முறையின் உயிர்நிலையான வினாவுக்கு வருவோம். கட்டளை வந்தால் சுவிட்சு என்ன செய்யும் என்பதை எல்லாரும் கேட்கின்றனர். கட்டளையே வராவிட்டால் என்ன செய்யும் என்பதைக் கேட்பவரே கருத்துடையவர். கோபுரம் பழுதாகலாம், இணையம் அறுபடலாம், மின்கலம் தீர்ந்துபோகலாம். கோடை நண்பகலில் மூடிய கொட்டகையின் விசிறிகள் நின்றால், அரைமணி நேரத்துக்குள்ளேயே கோழிகளின் உயிருக்கு இடர் நேரும். உரிமையாளர் நாமக்கல் கடைவீதியிலிருந்து விரைந்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடக்கூடும்.

சேலம் சந்திப்பில் நிற்கும் தொடர்வண்டியில் பெட்டிகளுக்கு இடையே தொங்கும் ரப்பர்க் குழாய்களை நீங்கள் பார்த்திருக்கலாம். அவற்றுள் அழுத்தப்பட்ட காற்று நிரம்பியிருக்கும். வண்டி ஓடுவதற்கு அக்காற்றழுத்தம் இருந்தே தீர வேண்டும். குழாய் அறுந்து காற்று வெளியேறினால் ஒவ்வொரு பெட்டியின் தடையும் தானாகவே சக்கரத்தைப் பற்றிக்கொள்ளும். 1872இல் அமெரிக்கரான வெசுட்டிங்கவுசு வகுத்த முறை இது. செய்தி அறுந்துபோவதையே அவர் ஒரு செய்தியாக ஆக்கிவிட்டார்.

கொட்டகையிலும் இதனையே செய்ய வேண்டும். விசிறிக்குரிய ரிலேயை, நிறுத்துவதற்கு மட்டுமே காந்தம் வேண்டும்படி தலைகீழாக இணைப்பர். கட்டளைக் கருவி செயலற்றுக் காந்தம் இழந்தால் வில் தகட்டைத் தள்ளும், விசிறி ஓடும். ஆனால் எல்லாவற்றையும் இவ்வாறே இணைத்துவிடலாகாது. நீர்த்தெளிப்பான் கட்டளையின்றி ஓடிக்கொண்டேயிருந்தால் கொட்டகை சேறாகும். அது நிற்க வேண்டும். விளக்கு தன் கடிகாரப்படியே எரிய வேண்டும். முதல் வாரத்துக் குஞ்சுகளுக்கோ 32 முதல் 35 டிகிரி வெப்பம் வேண்டும். அவற்றின் அடைகாப்பான் நின்றாலும் கேடு, ஓயாது எரிந்தாலும் கேடு. ஆதலால் அதனருகிலேயே தனியான வெப்பக் காவலன் ஒன்று இருக்க வேண்டும். எந்தக் கொட்டகையும் தொலைவிலுள்ள கணிப்பொறியை நம்பி மூச்சு விடுதல் தகாது. முடிவு செய்யும் பொறி கொட்டகைக்குள்ளேயே இருக்கட்டும். கைப்பேசி பார்த்தறிவதற்கு மட்டும் பயன்படட்டும்.

மின்சாரமே நின்றுபோனால் ஓடத்தக்க விசிறி ஏது? அதற்காகவே ஜெனரேட்டரும், அதுவும் புறப்படாவிட்டால் எழுப்புவதற்கு ஓர் அபாய மணியும் வைப்பர். அம்மணி மின்கலத்தால் ஒலிப்பது. ஆயினும் மின்சாரத்தால் இயங்கும் காந்தமொன்று அதனைப் பேசவிடாது பிடித்துக்கொண்டிருக்கும். மின்சாரம் போனதும் பிடி நழுவும், மணி ஒலிக்கும். கம்பியில்லா உணரிகளும் சில நிமிடத்துக்கு ஒருமுறை ‘நலமே’ என்று செய்தி அனுப்பிக்கொண்டேயிருக்கும். அச்செய்தி இருமுறை தவறினால், வெப்பம் எவ்வளவு என்று அறியுமுன்பே மணி அடிக்கும்.

கருத்துள்ள பண்ணையாளர் இதனை வாங்கிவைத்ததோடு அமைவதில்லை. வாரம் ஒருமுறை, வெயில் ஏறுமுன், தலைமைச் சுவிட்சை வேண்டுமென்றே இறக்கிவிடுவர். மணி ஒலிக்கிறதா, எத்தனை நொடியில் ஜெனரேட்டர் ஏற்றுக்கொள்கிறது, எந்த விசிறி பின்தங்குகிறது என்பதையெல்லாம் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்ப்பர். டீசல் தொட்டியில் குச்சியை விட்டு அளந்து பார்ப்பதும் அப்போதே. எண்ணெய் அளவைக் கம்பியின்றிக் கைப்பேசிக்கு அறிவிக்கும் கருவியும் வந்துவிட்டது. எனினும் குச்சியையே நம்புவோர் இன்றும் பலர்.