பூங்கொத்து அனுப்பும் சேவை

பூங்கொத்து அனுப்பும் சேவை என்பது, ஓர் ஊரில் இருப்பவர் வேறோர் ஊரில் இருப்பவருக்குப் புதுமலர்க் கொத்தினைப் பரிசாகச் சேர்ப்பிக்க உதவும் வணிக ஏற்பாடு ஆகும். பிறந்தநாள், திருமணநாள், குழந்தைப்பேறு, நோய், இறப்பு முதலியவற்றை ஒட்டி இவ்வாறு மலர் அனுப்புவது மேலைநாடுகளில் நெடுநாளைய வழக்கம். பெயரில் "அனுப்புதல்" என்று இருப்பினும், பெரும்பாலான வேளைகளில் அனுப்புநரின் ஊரிலிருந்து பூ எதுவும் புறப்படுவதில்லை. புறப்படுவது செய்தி மட்டுமே. பெறுநரின் ஊரில் உள்ள ஒரு பூக்கடை, தன்னிடம் இருக்கும் மலர்களைக் கொண்டு கொத்தினைக் கட்டி, தன் ஆள் வழியாக வீட்டில் சேர்க்கிறது.

நகரத்தார் வணிகர்கள் கையாண்ட உண்டியல் முறையை அறிந்தவர்களுக்கு இதனை விளங்கிக்கொள்வது எளிது. சென்னையில் பணத்தைக் கட்டி இரங்கூனில் பெற்றுக்கொள்ளும்போது, அந்தப் பணம் கப்பலேறுவதில்லை. இரு கடைகளின் பேரேடுகளில் எழுத்து மட்டுமே மாறுகிறது. பூங்கொத்துச் சேவையும் ஏறத்தாழ அவ்வாறானதே. ஆனால் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. நூறு ரூபாய் எங்கும் நூறு ரூபாய்தான். நூறு ரூபாய்ப் பூங்கொத்து அப்படியன்று.

உள்ளூர்க் கடை ஏன் தேவை

செடியிலிருந்து கொய்யப்பட்ட பின்னரும் மலர் உயிருள்ள பொருளே. அது தொடர்ந்து சுவாசிக்கிறது. தண்டிலும் இதழிலும் உள்ள சர்க்கரையைச் செலவழிக்கிறது. வெப்பநிலை 10 பாகை செல்சியசு உயர்ந்தால் சுவாச வேகம் பொதுவாக இரண்டு மூன்று மடங்காகிறது. எனவே ரோசா, கார்னேசன் போன்ற குளிர்நாட்டு மலர்களை உறைநிலைக்குச் சற்று மேலான வெப்பநிலையில் வைக்கின்றனர். ஆர்க்கிட், அந்தூரியம் போன்ற வெப்பமண்டல மலர்களையோ அதே அறையில் வைத்தால் அவை குளிரால் கருகிவிடும்.

வெட்டப்பட்ட தண்டின் நீர்க்குழாய்களுக்குள் (சைலம்) காற்றுக்குமிழி புகுந்தால் நீரோட்டம் அறுபடுகிறது. பாத்திர நீரில் பெருகும் பாக்டீரியாவும் குழாய்களை அடைக்கிறது. குவளை நிறைய நீர் இருந்தும் ரோசா தலை கவிழ்வது இதனால்தான். தண்டின் அடியை மீண்டும் சாய்வாக வெட்டுவதும், நீரை மாற்றுவதும் இதற்கான எளிய மருந்துகள். கடைகளில் தரப்படும் "மலர் உணவு" பொட்டலத்தில் சர்க்கரை, நீரின் காடித்தன்மையைக் கூட்டும் பொருள், கிருமிகொல்லி ஆகிய மூன்றும் இருக்கும். சர்க்கரையை மட்டும் போடுவது பாக்டீரியாவிற்கு விருந்து வைப்பதாகவே முடியும்.

மூன்றாவது எதிரி எத்திலீன் வளிமம். பழுக்கும் வாழைப்பழமும் ஆப்பிளும் இதனை வெளியிடுகின்றன. வண்டிப் புகையிலும் இது உண்டு. காற்றில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு அளவு எத்திலீன் இருந்தாலே கார்னேசன் இதழ்கள் உள்நோக்கிச் சுருண்டு வாடத் தொடங்கிவிடும். வெள்ளி தயோசல்பேட்டுக் கரைசலில் தண்டை நனைத்தால் இவ்விளைவு தடுக்கப்படும் என்பது 1978 இல் கண்டறியப்பட்டது. பரிசுக்கூடையில் பழத்தையும் பூவையும் சேர்த்து அடுக்கும் வழக்கம் இவ்வகையில் மிகவும் பொருத்தமற்றது.

உள்ளூர்க் கடையின் பூ உள்ளூரில் விளைந்தது என்று இதற்குப் பொருளில்லை. ஐக்கிய அமெரிக்காவில் இறக்குமதியாகும் கொய்மலர்களில் பெரும்பகுதி கொலம்பியா, ஈக்வடோர் நாடுகளிலிருந்து மியாமி வானூர்தி நிலையம் வழியாக வருகிறது. ஐரோப்பாவிற்குக் கென்யாவிலிருந்து ரோசா வருகிறது. நெதர்லாந்தின் ஆல்சிமீர் ஏலச்சந்தை உலகப் புகழ் பெற்றது. தண்டுகளை நீரின்றிப் படுக்கையாக அடுக்கிப் பெட்டியில் குளிரூட்டினால் கண்டம் விட்டுக் கண்டம் அனுப்ப முடியும். ஆனால் விரித்துக் கட்டி, நீரில் நிறுத்திய கொத்தினை அடுக்கவும் முடியாது, சாய்க்கவும் முடியாது. எனவே தண்டு எவ்வளவு தொலைவிலிருந்தும் வரலாம். கொத்து கட்டப்படும் இடம் மட்டும் பெறுநரின் வாசலுக்கு அருகில் இருக்கவேண்டும்.

வரலாறு

19ஆம் நூற்றாண்டில் தந்தி பரவியபோதே பூக்கடைக்காரர்கள் பழக்கத்தின் பேரில் ஒருவருக்கொருவர் ஆணைகளை அனுப்பத் தொடங்கியிருந்தனர். இதனை முறையான அமைப்பாக்கியவர் பெர்லின் நகரப் பூ வணிகர் மாக்சு இயூப்னர். 1908 இல் அவர் தொடங்கிய சங்கமே பின்னர் "ஃபுளோரோப்" ஆயிற்று.

ஐக்கிய அமெரிக்காவில் 1910 இல் சிறு எண்ணிக்கையிலான கடைக்காரர்கள் ஒன்றுகூடி, பூக்கடைக்காரர் தந்திவழி வழங்கல் கழகத்தை (சுருக்கமாக எஃப்.டி.டி.) நிறுவினர். அதன் முதல் தலைவர் டென்வர் நகரைச் சேர்ந்த சான் வாலண்டைன். பெயரைக் கண்டு காதலர் நாளுடன் முடிச்சுப் போடவேண்டாம், அது தற்செயலே. 1914 இல், காலில் சிறகு கொண்டு விரையும் உரோமத் தூதுத் தெய்வமான மெர்க்குரியைக் கழகம் தன் சின்னமாக ஏற்றது. பிரித்தானியக் கிளை 1923 இல் அமைந்தது. 1946 இல் ஐரோப்பிய, அமெரிக்க, பிரித்தானிய அமைப்புகள் மூன்றும் இணைந்து "இன்டர்ஃபுளோரா" என்னும் உலகளாவிய அமைப்பை உருவாக்கின. நாட்டுக்கு நாடு நாணயம் மாறுபடுவதால், உறுப்பினர்களுக்கு இடையே கணக்குத் தீர்க்க "ஃப்ளூரின்" என்ற தனிக் கணக்கு அலகு கூடப் பயன்பட்டது.

எஃப்.டி.டி. தன் பெயரிலிருந்த "தந்தி" என்ற சொல்லை 1965 இல் நீக்கி, "உலகளாவிய" என்று பொருள்படும் சொல்லைச் சேர்த்துக்கொண்டது. எழுத்துச் சுருக்கம் மாறவில்லை. 1979 இல் மெர்க்குரி என்னும் கணினி வலையமைப்பு வந்தது. இணையம் பொதுமக்களை எட்டுவதற்கு ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னரே, பூக்கடை மேசைகளில் இருந்த முனையங்கள் தமக்குள் செய்தி பரிமாறிக்கொண்டிருந்தன என்பது கணினித் துறையினரே அதிகம் அறியாத செய்தி.

அன்னையர் நாளின் தொடக்கத்திலேயே தொலைவிலிருந்து அனுப்பிய பூ இருக்கிறது. 1908 மே மாதம் மேற்கு வர்சீனியாவின் கிராஃப்டன் தேவாலயத்தில் நடந்த முதல் வழிபாட்டிற்கு அதனை முன்னெடுத்த அன்னா சார்விசு நேரில் செல்லவில்லை. ஒரு தந்தியையும் 500 வெள்ளைக் கார்னேசன்களையும் அனுப்பினார். பிற்காலத்தில் அந்நாளை ஒட்டிப் பூ வணிகர்கள் விலையை ஏற்றியதைக் கண்டு மனம் நொந்து, அவர்களை எதிர்த்துப் போராடியவரும் அவரே.

ஆணையும் பணமும்

ஓர் ஆணையில் பெறுநரின் பெயர், முகவரி, சேரவேண்டிய நாள், கொத்தின் வகை, விலை, அட்டையில் எழுதவேண்டிய வாசகம் ஆகியன இருக்கும். ஆணையைப் பெற்றுக்கொள்ளும் கடை "அனுப்பும் கடை" என்றும், கொத்தினைக் கட்டித் தரும் கடை "நிறைவேற்றும் கடை" என்றும் அழைக்கப்படும். அமெரிக்க வலையமைப்புகளின் மரபான கணக்கின்படி, கொத்தின் விலையில் ஏறத்தாழ 20 விழுக்காடு அனுப்பும் கடைக்கும், சுமார் 7 விழுக்காடு கணக்குத் தீர்க்கும் நடுவமைப்புக்கும் செல்கின்றன. எஞ்சியது நிறைவேற்றும் கடைக்கு. அதாவது ஒருவர் 100 டாலர் செலுத்தினால், கட்டுபவர் கைக்கு வருவது ஏறத்தாழ 73 டாலர். பூவின் விலை, கூலி, வண்டிச் செலவு, வாடும் பூக்களால் ஏற்படும் இழப்பு, ஆதாயம் அனைத்தும் இதற்குள் அடங்கவேண்டும்.

இம்முறை நேர்மையாக நடக்க ஒரு காரணம் இருந்தது. இன்று அனுப்பும் கடை, நாளை நிறைவேற்றும் கடையாக இருக்கும். அடுத்தவரின் வாடிக்கையாளருக்கு மட்டமான பூவைக் கொடுத்தால், தன் வாடிக்கையாளருக்கும் அதுவே திரும்பி வரும் என்ற அச்சம் இருபுறமும் உண்டு. இவ்வாறு வலுப்பெற்ற எஃப்.டி.டி., தன் உறுப்பினர்கள் வேறு வலையமைப்பில் சேரலாகாது என்று தடுத்துவந்தது. ஐக்கிய அமெரிக்க அரசு தொடுத்த தனியுரிமை எதிர்ப்பு வழக்கின் விளைவாக 1956 இல் ஏற்பட்ட இசைவுத் தீர்ப்பு இத்தடையை நீக்கியது. 1934 இல் தொடங்கப்பட்ட டெலிஃபுளோரா போன்றவற்றிலும் ஒரே கடை உறுப்பினராக முடிந்தது.

வாங்கியவர் பார்க்காத பொருள்

வேறு எந்தப் பொருளை வாங்கினாலும் விலை கொடுத்தவர் அதைக் கண்ணால் பார்க்கிறார். பூங்கொத்தில் விலை கொடுத்தவர் பொருளைப் பார்ப்பதில்லை; பொருளைப் பார்ப்பவருக்கு விலை தெரிவதில்லை. தெரிந்தாலும் பரிசாக வந்ததைக் குறை சொல்வது பண்பாகாது என்று கருதி, "மிக அழகாக இருந்தது" என்றே சொல்வார். பன்னிரண்டு ரோசாவுக்குப் பணம் கட்டியவருக்கு, ஒன்பது ரோசாவும் நிறைய இலையும் போய்ச் சேர்ந்தது கடைசிவரை தெரியாமலே போகலாம். "கிடைக்காத மலருக்குப் பதிலாக அதே மதிப்புடைய வேறு மலர் வைக்கப்படும்" என்ற நிபந்தனை இத்துறைக்கு இன்றியமையாதது. இயற்கைப் பொருளில் அவ்வாறு நேரவே செய்யும். ஆயினும் அந்த நிபந்தனைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள இடமும் நிறையவே உண்டு.

கட்டணமில்லாத் தொலைபேசி எண்கள் பரவியபோது இந்த இடைவெளியையே முதலாகக் கொண்ட நிறுவனங்கள் தோன்றின. இவர்களிடம் கடையும் இல்லை, பூவும் இல்லை. தொலைபேசி விவரத்திரட்டில் அந்தந்த ஊர்ப் பூக்கடை போலப் பெயரைப் பதிந்துகொண்டு, ஆணையைப் பெற்று, கட்டணத்தையும் தரகையும் கழித்துக்கொண்டு, எஞ்சியதற்கு உண்மையான உள்ளூர்க் கடையிடம் வேலையை ஒப்படைத்தனர். ஆணையை மட்டும் திரட்டுபவர் பிறரின் ஆணையை ஒருபோதும் நிறைவேற்றுவதில்லை. எனவே முன்னர்க் குறிப்பிட்ட இருபுற அச்சம் இங்கு அறுந்துவிடுகிறது. வசையை வாங்குபவர் குறைந்த பணத்திற்குக் கொத்தினைக் கட்டிய கடைக்காரரே. பூக்கடைகள் தம் இருப்பிடத்தைப் பொய்யாகக் காட்டுவதைத் தடைசெய்து அமெரிக்க மாநிலங்கள் பல சட்டம் இயற்றியுள்ளன.

இணையத்தில்

1976 இல் நியூயார்க்கில் ஒரு பூக்கடையை வாங்கிய சிம் மெக்கான், பின்னர் 1-800-ஃபிளவர்சு என்ற தொலைபேசி எண்ணையே நிறுவனப் பெயராகக் கொண்டு வளர்ந்தார். 1990களின் நடுவில் இணையவழி விற்பனையில் இறங்கிய முன்னோடி நிறுவனங்களுள் இதுவும் ஒன்று. 1998 இல் தொடங்கிய புரோஃபிளவர்சு எதிர்த்திசையில் சென்றது: உள்ளூர்க் கடையை விலக்கி, பண்ணையிலிருந்து பெட்டியில் நேரே கூரியர் மூலம் அனுப்பியது. இலண்டனில் 2013 இல் தொடங்கிய புளூம் அண்டு வைல்டு, மொட்டு நிலையிலுள்ள தண்டுகளைத் தபால் துளைக்குள் நுழையும் தட்டைப் பெட்டியில் அனுப்பியது. கொத்தாக்கும் வேலை பெறுநருடையது.

கூட்டுறவாக இருந்த எஃப்.டி.டி. 1994 இல் இலாப நோக்கு நிறுவனமாக மாறியது. 2014 இல் புரோஃபிளவர்சின் தாய் நிறுவனத்தைப் பெருந்தொகைக்கு வாங்கியது. அக்கடனிலிருந்து மீளாமல் 2019 இல் திவால் பாதுகாப்புக் கோரியது. பிரித்தானிய இன்டர்ஃபுளோராவும் எஃப்.டி.டி.யின் கையிலிருந்து விற்கப்பட்டது. வாங்கியது டெலிஃபுளோராவின் உரிமையாளரான நிறுவனம்.

இணையச் சட்டம் பயில்வோர் அறியவேண்டிய வழக்கு ஒன்றும் இத்துறையில் எழுந்தது. கூகுளில் "இன்டர்ஃபுளோரா" என்று தேடுவோருக்குத் தன் விளம்பரம் தோன்றும்படி மார்க்சு அண்டு இசுபென்சர் நிறுவனம் அச்சொல்லை விலைக்கு எடுத்தது. 2011 இல் ஐரோப்பிய நீதிமன்றம், விளம்பரத்தைப் பார்ப்பவர் அந்நிறுவனமும் வலையமைப்பின் உறுப்பினரே என்று எண்ண வாய்ப்புண்டா என்பதை ஆராயவேண்டும் என்றது. பல அளவுகளிலான கடைகள் சேர்ந்த வலையமைப்பாதலால், யார் உறுப்பினர், யார் இல்லை என்று பொதுமக்களால் பிரித்தறிவது கடினம் என்பதையும் கருத்தில் கொள்ளச் சொன்னது. 2013 இல் இங்கிலாந்து உயர்நீதிமன்றம் இன்டர்ஃபுளோராவுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 2014 இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை விலக்கி மறு விசாரணைக்கு அனுப்பியது.

தமிழ்நாட்டில்

தமிழ்நாட்டின் மலர் மரபு உதிரிப்பூவைச் சார்ந்தது. மல்லிகை, முல்லை, கனகாம்பரம், சாமந்தி ஆகியன காம்பின்றிக் கொய்யப்பட்டு, சரமாகவும் மாலையாகவும் தொடுக்கப்பட்டு, முழக்கணக்கில் விற்கப்படுகின்றன. கொடுப்பவரும் பெறுபவரும் நேரில் நிற்க, அன்றே சூடி அன்றே கழிக்கும் பூ அது. தண்டுடன் வெட்டப்படும் கொய்மலர் வேறு வகை; பேச்சுவழக்கில் "பொக்கே" எனப்படும் கொத்து இதில்தான் கட்டப்படும். கிருட்டிணகிரி மாவட்டத்தின் ஓசூர்ப் பகுதி, தன் மிதமான தட்பவெப்பத்தால் பசுமைக்குடில் ரோசா சாகுபடிக்குப் பெயர்பெற்றது. காதலர் நாளை ஒட்டி இங்கிருந்து வெளிநாடுகளுக்கும் ரோசா ஏற்றுமதியாகிறது.

இந்தியாவில் இத்துறையின் அறியப்பட்ட நிறுவனங்களுள் ஒன்றான ஃபெர்ன்சு என் பெட்டல்சு 1994 இல் தில்லியில் தொடங்கப்பட்டது. இந்தியத் தந்திச் சேவை 2013 சூலையில் நிறுத்தப்பட்டது; அதற்குள் ஆணைகள் இணையத்திற்கு மாறிவிட்டிருந்தன. வெளிநாட்டில் பணிபுரியும் தமிழர் பலர் பெற்றோரின் பிறந்தநாளுக்கு இவ்வாறு கொத்து அனுப்புகின்றனர். அவர்கள் ஆணையிடும்போது பெறுநரின் தொலைபேசி எண்ணையும் தருவது நலம். கொத்தினைக் கொண்டுவருபவர் வாசலுக்கு வருமுன் அழைத்து, வீடு பிள்ளையார் கோயிலுக்கு முன்னாலா பின்னாலா என்று கேட்பது உறுதி. இதனால் வியப்பு சற்றுக் குறையும், ஆனால் பூ வெயிலில் அலையாது.