புதையலுக்கு என்ன விலை?

இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் உள்ள ஹாக்ஸன் கிராமத்து விவசாயி ஒருவர், 1992 நவம்பரில் வயலில் தம் சுத்தியலைத் தொலைத்துவிட்டார். மெட்டல் டிடெக்டர் வைத்திருந்த நண்பரைத் துணைக்கு அழைத்தார். சுத்தியலைத் தேடப் போனவருக்கு அகப்பட்டதோ ரோமானியர் காலத்துப் புதையல். சுமார் 15,000 நாணயங்கள், தங்க நகைகள், வெள்ளிக் கரண்டிகள். அந்த நண்பர் முழுவதையும் தோண்டி எடுத்துவிடவில்லை. பாதியில் நிறுத்தித் தகவல் தெரிவித்தார். அதனால், பொருள்கள் பெட்டிக்குள் எவ்வாறு அடுக்கப்பட்டிருந்தன என்பதைக்கூடத் தொல்லியலாளர்களால் அறிய முடிந்தது. வெகுமதியாகக் கிடைத்த 17.5 லட்சம் பவுண்டை அவர் விவசாயியுடன் பகிர்ந்துகொண்டார். (சுத்தியலும் கிடைத்தது, இன்று அது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது!)

இந்த நேர்மைக்குப் பின்னால் ஒரு பொருளாதாரக் கணக்கும் உண்டு. அந்நாட்டில் 1996-இல் இயற்றப்பட்ட புதையல் சட்டப்படி, கண்டெடுத்ததை 14 நாள்களுக்குள் தெரிவிக்க வேண்டும். அருங்காட்சியகம் அதைப் பெற விரும்பினால், நிபுணர் குழு நிர்ணயிக்கும் சந்தை விலையைத் தர வேண்டும். வழக்கமாக அதில் பாதி கண்டெடுத்தவருக்கு, பாதி நில உரிமையாளருக்கு. வார இறுதியில் நண்பர்களுடன் வயல்களில் அலைபவர்கள், கிடைத்ததை ஒளிக்க வேண்டிய அவசியமே எழுவதில்லை.

ஆயினும், பேராசைக்கு எந்தச் சட்டத்திலும் மருந்தில்லை. 2015-இல் லெம்ஸ்டர் அருகே இரு நண்பர்கள் சுமார் 300 வெள்ளி நாணயங்களைக் கண்டெடுத்து ரகசியமாக விற்றனர். மீட்கப்பட்டவை 31 மட்டுமே. 2019-இல் இருவரும் சிறைக்குச் சென்றனர். வெசெக்ஸ் மன்னர் ஆல்ஃபிரடும் அண்டை நாடான மெர்சியாவின் மன்னரும் ஒரே வடிவில் நாணயம் அச்சிட்டதற்கு, அதாவது ஒன்பதாம் நூற்றாண்டில் அவ்விருவருக்கும் இடையே நிலவிய கூட்டணிக்கு, அவை சான்று. எஞ்சியவை எங்கே இருக்கின்றனவோ!

நம் நாட்டின் நிலை வேறு. 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் சிறைத்தண்டனை வரை உண்டு. உரிமை கோருவோர் இல்லையெனில், கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நில உரிமையாளருக்குக் கால் பங்கு. கேட்பதற்குத் தாராளமாகத்தான் இருக்கிறது. ஆனால், அரசு அதைக் கையகப்படுத்தினால் தருவது உலோகத்தின் மதிப்பும் அதில் ஐந்தில் ஒரு பங்கும் மட்டுமே.

கரூர் அமராவதி ஆற்றுப்படுகையில் கிடைத்த 'மாக்கோதை' நாணயத்தை எண்ணிப் பாருங்கள். சேர மன்னனின் உருவமும், தமிழ் பிராமி எழுத்தில் பெயரும் பொறித்த வெள்ளிக்காசு. எடை சில கிராம்தான். அந்த வெள்ளிக்குரிய சில நூறு ரூபாயுடன் இன்னும் ஐந்தில் ஒரு பங்கு கிடைக்கும் என்றால், மணல் சலிப்பவர் ஆட்சியர் அலுவலகத்துக்கு அலைவாரா, நகைக்கடைக்குப் போவாரா? உருக்கிய காசில் மன்னனின் பெயர் மிஞ்சாது. சட்டத்தில் 'உலோகத்தின் மதிப்பு' என்பதைச் 'சந்தை மதிப்பு' என மாற்ற ஒரு திருத்தம் போதும். அதற்கான செலவு ஓர் அருங்காட்சியகத்தின் ஆண்டு நிதிக்குள் அடங்கிவிடக் கூடியதே.