மொத்தத்தைக் கையால் எழுதாதீர்கள்

முஹல்லா வாரியான ஃபித்ரா பதிவேட்டை நோட்டிலிருந்து கணினிக்கு மாற்றியபோது நாம் ஒரு தவறு செய்தோம். குடும்பத் தலைவர் பெயர், உறுப்பினர் எண்ணிக்கை, தலைக்கு எத்தனை கிலோ, மொத்தம் ஆகிய நான்கையும் நோட்டில் இருந்தபடியே தட்டச்சு செய்து ஏற்றினோம்.

தக்கலைப் பக்கம் ஒரு வீட்டில் ரமலான் முதல் வாரத்தில் குழந்தை பிறந்தது. தகவல் வந்ததும் நம் தொண்டர் உறுப்பினர் 5 என்றிருந்ததை 6 ஆக்கினார். மொத்தம் 12.5 கிலோவாகவே நின்றுவிட்டது. தலைக்கு 2.5 கிலோ வீதம் 15 கிலோ வந்திருக்க வேண்டும். பெருநாள் தொழுகைக்கு முன் கொடுத்தாக வேண்டிய ஃபித்ராவில் ஒரு பிள்ளையின் பங்கு விடுபட்டது தொழுகைக்குப் பிறகே தெரிந்தது. "நீங்க சொன்ன கணக்கைத்தானே கொடுத்தேன்" என்றார் பிள்ளையின் வாப்பா. நம்மிடம் பதில் இல்லை.

தரவுத்தளத்தில் இதற்கு வழி உண்டு. அட்டவணையை அமைக்கும்போதே, மொத்தம் என்ற நெடுவரிசை "உறுப்பினர் பெருக்கல் தலைக்கு எடை" என்று எழுதிவிட வேண்டும். இதைக் கணக்கிடப்படும் நெடுவரிசை என்பார்கள். மைஎஸ்க்யூஎல் 5.7 பதிப்பிலும் (2015), போஸ்ட்கிரெஸ்க்யூஎல் 12 பதிப்பிலும் (2019) இந்த வசதி வந்தது. எண்ணிக்கையை மாற்றினால் மொத்தம் தானே மாறும். மொத்தத்தில் யாராவது நேரடியாக ஓர் எண்ணை எழுத முயன்றால் தரவுத்தளம் ஏற்காது. எக்செலில் சூத்திரம் போட்டால் போதாதா என்று சிலர் கேட்டார்கள். அங்கே சூத்திரத்தின் மேலேயே ஓர் எண்ணைத் தட்டிவிடலாம். அவசரத்தில் நாமே தட்டியிருக்கிறோம்.

தலைக்கு எடையைச் சூத்திரத்துக்குள் 2.5 என்று புதைக்கவில்லை. தனி நெடுவரிசையாகவே வைத்தோம். ஜமாஅத் நாளை வேறு அளவை அறிவித்தால், சூத்திரத்தை மாற்றும்போது பழைய ஆண்டுகளின் கணக்கும் சேர்ந்து மாறிவிடும்.

விதவைகள் உதவித்தொகைப் பட்டியலில் வயதையும் இப்படியே வைக்கப் பார்த்தோம். முடியவில்லை. வயது இன்றைய தேதியைப் பொறுத்தது. நாளுக்கு நாள் மாறும் தேதியைச் சூத்திரத்தில் வைக்க இவ்விரண்டு மென்பொருள்களும் விடுவதில்லை. ஆகவே பிறந்த தேதியை மட்டும் பதிந்து, பட்டியல் எடுக்கும் அன்று வயதைக் கணக்கிட்டுக்கொள்கிறோம். நோட்டில் எப்போதோ எழுதிய வயதை நம்பி யாருக்கும் உதவியை மறுக்கும் நிலை இனி இல்லை.

ஆனால் உறுப்பினர் எண்ணிக்கையைச் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்தான். வீட்டில் புதிதாகப் பிள்ளை பிறந்திருந்தால், யாரேனும் மௌத்தாகியிருந்தால், ரமலான் கடைசிப் பத்துக்கு முன் நம் அலுவலகத்தில் தெரிவியுங்கள். ரசீதில் உறுப்பினர் எண்ணிக்கையையும் அச்சிடுகிறோம். வாங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.