ஓரத்தில் நிற்கும் வீரர்

சடுகுடுவில் கைதட்டல் பெரும்பாலும் பாடிச் செல்பவருக்கே கிடைக்கிறது. வருகிறவரைப் பிடித்து நிறுத்த ஆளில்லாத அணி வெல்வதுண்டோ?

எழுவர் நிற்கும் அணியில் இரு ஓரங்களிலும் நிற்பவரைக் 'கார்னர்' என்பர். பாடி வருபவருக்கு 30 விநாடிதான் நேரம். அவர் காலை நீட்டும் ஒரு நொடிக்காகக் கார்னர் காத்திருக்க வேண்டும். முந்திப் பாய்ந்து தவறவிட்டால் புள்ளி எதிரிக்கு. பிந்தினாலோ அவர் தப்பிவிடுவார். கணுக்காலைப் பற்றியதும் தோழர்கள் வந்து அமுக்குவர்.

இக்கலையில் பேர்பெற்றவர் தஞ்சை மாவட்டத்துத் தர்மராஜ் சேரலாதன். புரோ கபடி லீக் 2014இல் தொடங்கியபோதே, பலர் ஓய்வுபெறும் வயதை அவர் எட்டியிருந்தார். ஆயினும் 2016இல் பாட்னா பைரேட்ஸ் அணிக்குத் தலைமை தாங்கிக் கோப்பை வென்றார். அதே ஆண்டு, நாற்பதைக் கடந்த வயதில், அகமதாபாத்தில் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் இருந்தார். 2019இல் ஹரியானா ஸ்டீலர்ஸ் அணியின் தலைவர். கால்வேகம் வயதோடு குறையும். காலம் அறிந்து பாயும் அறிவோ பழகப் பழகக் கூடும். அவரது நெடிய ஆட்டத்தின் இரகசியம் இதுவே.

அமெரிக்கக் கால்பந்திலும் பந்தை எறிபவர்முன் ஐவர் அரணாக நிற்பர். நடுவில் நிற்பவர் தவிர மற்றவர் பந்தைத் தொடுவதே அரிது. அவர்கள் சரிந்தால் எறிபவரும் வீழ்வார்.

மாணவ நண்பர்களே! சித்தூர்ப் பக்கமாயினும் மூணாறாயினும், நம் ஊர்த் திடல்களில் சிறுவர் பலரும் பாடிச் செல்லவே துடிப்பர். ஓரத்தில் நிற்கச் சொன்னால் முகம் சுளிப்பர். விடுமுறையில் ஊர் சென்றால், அவர்களுக்குச் சேரலாதனைப் பற்றிச் சொல்லுங்கள்.