ஊர் திரும்பக் காசு

2021 ஒக்ரோபரில் கனடா நோக்கிப் புறப்பட்ட படகொன்று நடுக்கடலில் ஆபத்துக்குள்ளாகி, இந்து சமுத்திரத்தில் உள்ள டியேகோ கார்சியாத் தீவைச் சேர்ந்தது. பிள்ளைகள் உட்பட 89 தமிழர்கள். பிரித்தானிய நிர்வாகத்தில் இருந்த அந்த இராணுவத் தளத்தில், வேலிக்குள் கூடாரங்களில், பலர் மூன்று வருடங்களைக் கழித்தனர்.

2024 இல் அவர்களில் சிலருக்கு, இலங்கைக்குத் திரும்பினால் பண உதவி என்று சொல்லப்பட்டது. வேறு சிலருக்கு ருமேனியா. ஈற்றில் டிசெம்பரில் பெரும்பாலானோர் பிரித்தானியாவுக்குக் கொண்டுவரப்பட்டனர். அவர்களைத் தடுத்து வைத்தது சட்டவிரோதம் என அப்பிரதேசத்தின் உச்ச நீதிமன்றமும் அதே மாதம் தீர்ப்பளித்தது.

இங்கிருந்து விரும்பித் திரும்புவோருக்கும் ஹோம் ஒவ்வீஸ் விமானச் சீட்டுடன் 3,000 பவுண் வரை கொடுத்து வந்திருக்கிறது. ஏஜென்சிக்காரருக்கு நகை அடைவு வைத்தும் காணி விற்றும் கட்டிய காசில் இது ஒரு மூலைக்கும் காணாது. என்றாலும் தாய் படுக்கையில் கிடக்கிறா என்று போகத் துடிப்பவரை நாம் குறை சொல்லமாட்டோம். அது அவரவர் மனம்.

ஆனால் ஒன்று. திரும்புவதற்குக் கையெழுத்து வைத்தால் அகதி விண்ணப்பத்தைக் கைவிட்டதாகிவிடும். மீண்டும் இங்கு வர, சில வருடத் தடையும் விழலாம். பத்திரத்தை எடுத்துக்கொண்டு முதலில் உங்கள் சொலிசிற்றரிடம் போங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கேளுங்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைக் கொண்டு அதை வாசிப்பிக்க வேண்டாம்.