சுமாரான பிளேயர்... சூப்பர் கோச்!

2019-ல் சாம்பியன்ஸ் லீக், 2020-ல் 30 வருஷக் காத்திருப்புக்குப் பிறகு இங்கிலாந்து லீக் பட்டம்... லிவர்பூலுக்கு இதையெல்லாம் வாங்கிக் கொடுத்த யூர்கன் க்ளாப், பிளேயரா எப்படின்னு தெரியுமா? சுமார்தான்! ஜெர்மனியின் மைன்ஸ் கிளப்பில் ஸ்ட்ரைக்கராகச் சேர்ந்து, டிஃபெண்டராக மாறியவர். அங்கே ஆடிய 11 வருஷமும் இரண்டாவது டிவிஷன்தான்.

2001 பிப்ரவரியில், மைன்ஸ் அதிலிருந்தும் கீழே இறங்கும் நிலை. நேற்றுவரை கூட ஆடியவரையே கோச் ஆக்கினார்கள். அணி தப்பித்தது. அதுக்கப்புறம் நடந்ததுதான் கொடுமை. 2002-ல் ஒரே ஒரு பாயின்ட்டில் முதல் டிவிஷன் வாய்ப்பு போச்சு. 2003-ல் ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில் மறுபடியும் போச்சு! வேற கிளப்பா இருந்தா கோச்சை மாத்தியிருப்பாங்க. மைன்ஸ் மாத்தலை. 2004-ல், கிளப் வரலாற்றிலேயே முதல்முறையாக பண்டஸ்லிகாவுக்குள் நுழைந்தது.